சம்பந்தியாக வந்தவர் கேட்ட பாட்டில்

என் மகள் லண்டனில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் சாக்கே நிபுணர். சாக்கே என்பது ஜப்பானியர்கள் அரிசியில் தயாரிக்கும் மது. எந்த உணவோடு எது சேரும் என்று ருசித்துச் சொல்வது அவள் வேலை. விடுமுறையில் பெங்களூர் வந்திருந்தபோது, பீன்யாவில் தொழிற்சாலை வைத்திருக்கும் ஒருவர் தன் மகனுக்குப் பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். வேலையைப் பற்றி அவர் கேட்க, மகளே விளக்கினாள்.

"அப்போ தினமும் குடிப்பியாம்மா?" என்றார், கேசரியை மென்றபடி.

"ருசி பார்த்துட்டுத் துப்பிடுவோம் அங்கிள். போதை ஏறினா நாக்கு வேலை செய்யாது."

"எங்க குடும்பத்துக்கு இதெல்லாம் ஒத்து வராதும்மா. வேலைய விட்டா மேல பேசலாம்."

நல்ல வரன் கை நழுவிவிடுமே என்று நான் வாயைத் திறக்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் என் கணவரிடம் குரலைத் தாழ்த்தி, "சார், அந்த ஜப்பான் சரக்கு வீட்ல ஒரு பாட்டில் இருக்குமா?" என்றார்.

பின்னால் நின்ற என் காதில் அது விழுந்தது.

"இருக்குங்க. உங்க குடும்பத்துக்குத்தான் ஒத்து வராதே," என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.

வரன் போன கவலை இன்னும் இருக்கிறது. அதைவிட ஆறாமல் கிடப்பது வேறு. இவரைப் போன்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று பயந்துதான், இத்தனை நாள் நான் என் மகளின் வேலையை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.