கொட்டாத ஈ

செங்கல்பட்டு–மாமல்லபுரம் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் என்னை டிப்போவில் 'ஈ மோசஸ்' என்பார்கள். குளவி மாதிரி மஞ்சள் வரி போட்டு, காற்றில் அசையாமல் நிற்கும் ஓர் ஈ எங்கிருந்தோ பறந்து அபூர்வமாக எங்கள் கடற்கரைக்கு வரும். "அதுக்குக் கொடுக்கே கெடையாது, கொட்டாது" என்று டிக்கெட்டோடு சேர்த்துப் பாடமும் கொடுப்பேன். வருஷக்கணக்காகத் தேடியும் அது கண்ணில் படவில்லை.

போன மாசியில், கடற்கரை அடும்புப் பூக்களுக்கு முன்னால் கேமராவோடு குந்தியிருந்தேன். மூக்குக்கு நேரே மஞ்சளாக ஒன்று வந்து நின்றது. "ஐயோ, குளவி!" என்று செருப்பைக்கூட விட்டுவிட்டு ஓடினேன்.

கூட வந்திருந்த என் மனைவி ரெபேக்காள் நிதானமாக நடந்துபோய்த் தன் செல்போனில் அதைப் படம் பிடித்தாள். வாங்கிப் பார்த்தேன். அதே ஈ!

"ஏன்யா, கொட்டாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்லிகினு இருந்தியே," என்றாள், "உன் காலுக்குச் சொல்லலியா?"