வேகவைத்த கடற்பஞ்சு

போன வாரம் மகள் என்னைத் திருவனந்தபுரத்தில் ஒரு பெரிய கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சோப்புகளுக்குப் பக்கத்தில் கண்ணாடித்தாள் சுற்றிய ஒரு கடற்பஞ்சு இருந்தது. எடுத்து முகர்ந்தேன். ஒரு வாசனையும் இல்லை. நான் எந்த வாசனையைத் தேடினேன் என்று சொல்லியிருந்தால் அவள் அங்கேயே மூக்கைப் பொத்தியிருப்பாள். உங்களிடம் சொல்லலாம்.

தொண்ணூறுகளில் நான் ஹோம் நர்ஸ் வேலைக்குப் போனேன். பெரிய படிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். புரட்டிப் படுக்கவைக்க, குளிப்பாட்ட, கஞ்சி கொடுக்கத் தெரிந்தால் போதும். நான் மலையோர வெள்ளறடைப் பக்கம். ரப்பரும் மரச்சீனிக் கிழங்கும் தெரியுமே தவிர, கடலைப் பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனபோது பார்த்ததோடு சரி. கடலுக்குப் பக்கத்தில் காரோடு என்ற ஊரில் ஒரு ஓட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். படுத்த படுக்கையாக ஒரு டீச்சர், அவரைப் பார்த்துக்கொள்ள நான். டீச்சரின் மகன் துபாயில். சாயங்காலம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடந்துபோன பிறகு அந்த வழியில் மனிதச் சத்தமே கேட்காது. டீச்சரும் அதிகம் பேசமாட்டார். நான் அடுக்களையில் பாத்திரங்களோடு பேசிக்கொண்டிருப்பேன். சில நாள் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவுவேன், பேச்சு முடியவில்லை என்பதற்காக.

டீச்சர் முதல் நாள் சொன்னது ஒன்றுதான்.

"மக்கா, எனக்க முதுகு பொட்டப்பிடாது. புண்ணு வந்தா வீட்டப் பூட்டிட்டு என்னைய வயசானவியள வைக்கிய விருத்தசதனத்துல கொண்டு விடுவேன்னு மவன் சொல்லியிருக்கான். எனக்கு இஞ்ச கெடந்து சாவணும்."

எங்கள் வீட்டில் முதுகு தேய்ப்பது தேங்காய்த் தும்பு நாரால். அதை அவர் மேலே வைத்தால் தோல் கையோடு வந்துவிடும். பழைய துணியால் துடைத்தாலும் சிவந்து போனது. எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அப்போதுதான் சிப்பி விற்க வரும் பனியம்மா அக்கா ஒரு பனையோலைப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே கறுத்துக் கொழகொழவென்று ஏதோ இருந்தது. நான் தள்ளி நின்றேன்.

"எனக்க மாப்ள சிப்பி எடுக்க முங்கினப்ப பாறையில இருந்து கிட்டினதாக்கும். தண்ணியில போட்டு அழுகட்டும். பின்ன அடிச்சு அலசி எடுத்தா பஞ்சு. கொச்சுப் பிள்ளையளயே நாங்க இதுல தான் குளிப்பாட்டுவோம்."

கிணற்றடியில் வாளியில் போட்டு வைத்தேன். மறுநாளே நாற்றம் தொடங்கியது. அதற்கடுத்த நாள் வீடு முழுக்க நின்றது. பக்கத்து வீட்டில் இருந்தவர் டீச்சரின் நாத்தனார். துபாய்க்குப் போன் போட்டுச் சேதி சொல்வது அவர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்ன நாற்றம்? மதினிக்கு முதுகு புண்ணாயாச்சா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னால் நம்புகிற முகம் இல்லை அது.

நாற்றம் போக வேண்டும், அவ்வளவுதான் என் புத்தியில் இருந்தது. மலைப்பக்கத்துக்காரிக்கு என்ன தெரியும்? கட்டுள்ள, அதாவது விஷத்தன்மை உள்ள, மரச்சீனியை என்ன செய்வோமோ அதைத்தான் செய்தேன். பானையில் போட்டு, உப்பும் போட்டு, நன்றாகக் கொதிக்கவிட்டு, தண்ணீரை வடித்து, மறுபடி கொதிக்கவைத்தேன். திறந்து பார்த்தால் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கி, கல்லாக உட்கார்ந்திருந்தது. அதைக் கிண்ணத்தில் வைத்து டீச்சரிடம் கொண்டு காட்டினேன்.

டீச்சர் தலையைத் திருப்பிக் கிண்ணத்துக்குள் பார்த்தார்.

"அவிச்சியா?"

"அவிச்சேன் டீச்சர்."

"தண்ணி வடிச்சியா?"

"ரெண்டு தடவ வடிச்சேன்."

"செரி. தொட்டுக்கிடதுக்கு முளவு ஒடச்சிருக்கியா?"

அவித்த மரச்சீனிக்குத் தொட்டுக்கொள்ள மிளகாய் கேட்பதுபோலக் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். கட்டில் ஆடியது. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நாத்தனார் ஓடிவந்து வாசலில் நின்றார். டீச்சர் அவரை உள்ளே கூப்பிட்டு, என்னிடம் தன்னைப் புரட்டச் சொல்லி, முதுகைக் காட்டினார். சிவப்புதான், புண் இல்லை. அதன்பிறகு சாயங்காலங்களில் டீச்சர் என்னோடு பேசத் தொடங்கினார்.

மழை முடிந்து கடல் தெளிந்த பிறகு பனியம்மா அக்கா இன்னொரு பஞ்சு கொண்டுவந்தார். என்னை நம்பாமல் அவரே அழுகவைத்து, அடித்து, வெயிலில் உலர்த்திக் கொண்டுவந்திருந்தார். வெந்நீரில் நனைத்தால் அது கைக்குள் உயிரோடு இருப்பதுபோல இருக்கும். கிறிஸ்துமஸுக்கு மகன் வந்தார். அம்மாவின் முதுகைத் தானே பார்த்தார். விருத்தசதனப் பேச்சை எடுக்காமலே துபாய்க்குத் திரும்பிப் போனார்.

ஈஸ்டருக்கு முந்தின நோன்பு காலத்தில் ஒரு விடியற்காலை டீச்சர் போய்விட்டார், தன் கட்டிலிலேயே. கடைசிக் குளியலுக்குச் சொந்தக்காரப் பெண்கள் வந்து வாசலில் தயங்கி நின்றார்கள். "ஒனக்குத் தான் அவளுக்க ஒடம்பு தெரியும். நீயே செய் மக்கா" என்றார் நாத்தனார். வெந்நீர் வைத்தேன். சூடு சரியா என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். முதுகு முழுசாக இருந்தது, ஒரு கீறல் இல்லாமல். மகன் மறுநாள்தான் வந்து சேர்ந்தார். அதற்குள் நான் அடுத்த வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் இருந்தேன். அந்த வீட்டு நோயாளிக்குப் பேச்சு இல்லை.

பிறகு பனியம்மா அக்கா எங்கே போனார் என்று தெரியவில்லை. அவர் வீட்டுக்காரர் முங்கின பாறைகளை மணல் மூடிவிட்டது என்றார்கள். காரோடு வழியாகப் பஸ்ஸில் போனால் இப்போதும் ஜன்னலோரம் உட்காருவேன். ஓட்டு வீடு இல்லை, கிணறும் இல்லை. கல்யாண மண்டபத்துக்குக் கார் நிறுத்துகிற இடம் அது. எந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன் என்று டீச்சர் அத்தனை காலம் பிடிவாதமாகக் கிடந்தாரோ, அந்த இடத்தில் அவர் கட்டில் எங்கே இருந்தது என்று என்னால் இப்போது கை நீட்டிக் காட்ட முடியாது.