ஒரு நடை பாக்கி

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் யார் வீட்டு டிவியிலாவது படம் தொடங்கினால் அம்மா எழுந்துவிடுவாள். கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை அள்ளிக்கொண்டு வெளியே போய் மறுபடியும் கழுவுவாள். பதின்மூன்று வருடம் இதைப் பார்த்தேன். அதே அம்மா வடக்கனந்தல் டூரிங் கொட்டாய்க்குப் போனால் பெஞ்சு டிக்கெட்தான் எடுப்பாள். திரை வெள்ளையாகும்வரை எழுந்திருக்க மாட்டாள்.

"அங்க காசு குடுத்தா ஒக்காரலாம். வூட்ல படம் போட்டா, வூட்டுக்காரன் மனசு வெக்கணும்," என்பாள்.

அவள் பெயர் பாப்பாத்தி. கல்வராயன் மலையில் பிறந்தவள். அப்பா செத்த பிறகு என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அடிவாரத்துக்கு இறங்கி, கொளஞ்சியப்பன் பண்ணையில் கூலிக்குச் சேர்ந்தாள். தலைச்சுமையில் அவளை மிஞ்ச அங்கே ஆளில்லை.

எண்பத்தேழில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தபோது எனக்குப் பதினொரு வயது. ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை, கொட்டாயில் படமும் இல்லை. கொளஞ்சியப்பன் மகள் ராதிகாவின் மஞ்சள் நீராட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள் பண்ணை வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள். அவர்களுக்குப் பொழுது போக, கள்ளக்குறிச்சியிலிருந்து டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு வரவேண்டும். வண்டி போகாது. அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

"கொண்டாற ஒரு நடை, திருப்பிக் குடுக்க ஒரு நடை. ரெண்டு மரக்கா கம்பு. இப்பவே அளந்துக்கோ," என்றார் கொளஞ்சியப்பன்.

"கம்பு சரிங்க. நானும் எம் பொண்ணும் உள்ள ஒக்காந்து படம் பாக்கணும்."

"பாரேன். உன்னாண்ட டிக்கெட்டா கேக்கப் போறேன்?"

பன்னிரண்டு கிலோமீட்டர். டெக்கைக் கடைக்காரர் பையில் போட்டுக்கொண்டு வந்தார். டிவி அம்மா தலையில். குறுக்கே கிடந்த மரத்தைத் தாண்டும்போது மறியலில் இருந்த ஒருவர், "இன்னாக்கா, டிவியும் மறியலுக்கு வந்துக்குதா?" என்று கேட்டுக் கிளையை விலக்கிவிட்டாராம். அம்மா சிரித்தாளாம். தலை ஆடவில்லையாம்.

சாயங்காலம் குளித்து, நல்ல புடவை கட்டிக்கொண்டு என்னையும் கூட்டிப் போனாள். வாசற்படியில் கொளஞ்சியப்பன் மனைவி ராணியம்மாள் கையை நீட்டி மறித்தாள்.

"விருந்தாளிங்க இருக்காங்கடி. நீ சன்னலாண்ட நின்னுக்கோ, நல்லாத் தெரியும். பொண்ணு வேணா உள்ள வரட்டும், ராதிகாகூட படிக்குதே."

நான் உள்ளே போனேன். யாரும் என்னைப் பிடித்து இழுக்கவில்லை. அந்தப் பழியை இன்றுவரை வேறு யார் மேலும் போட முடியவில்லை. ராதிகா பக்கத்தில் பாயில் உட்கார்ந்தேன். முக்கால் படத்தில் யாரோ "கொசு வருது" என்றார்கள். எழுந்து சன்னலைச் சாத்தினார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மா முகம் இருந்தது. பிறகு பலகை இருந்தது. நான் அசையவில்லை. கடைசிவரை பார்த்தேன்.

நான்கு நாள் கழித்தும் மரங்கள் கிடந்தன. வாடகை ஏறிக்கொண்டே போனது. ஆள் அனுப்பியும் அம்மா போகாததால் கொளஞ்சியப்பனே எங்கள் குடிசைக்கு வந்தார்.

"ஒரு நடை பாக்கி இருக்குது பாப்பாத்தி."

"இருக்குதுங்க."

"கம்பு வாங்கிட்ட."

"தின்னும் முடிச்சிட்டோம்."

"அப்ப வந்து தூக்கு."

"படம் முடியட்டும்ங்க."

"எந்தப் படம்டி? அது முடிஞ்சி நாலு நாளாவுது."

"உங்களுக்கு முடிஞ்சிடுச்சி. எனக்குச் சன்னல சாத்திட்டீங்க. உள்ள ஒக்கார வெச்சிப் போடுங்க. முடிஞ்சதும் தூக்கறேன்."

"மலைக்காரிக்குத் திமிரப் பாரு," என்று துண்டை உதறிக்கொண்டு போனார்.

மறியல் முடிந்து வண்டி ஓடிய பிறகுதான் டிவி போனது. பண்ணையில் அம்மாவுக்கு இருந்த வேலையும் போனது. கள்ளக்குறிச்சிக்கு வந்து கட்டட வேலையில் செங்கல் சுமந்தாள். அந்தச் செங்கல்லில்தான் நான் பி.ஏ. படித்தேன். படத்தின் முடிவை அவள் என்னிடம் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தூங்கிவிட்டேன் என்று பொய் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை.

போன தையில் இறந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்குக் கொளஞ்சியப்பன் மகன் தனசேகரன் வந்திருந்தான். வேலை ஏதாவது கிடைத்ததா என்று என்னை விசாரித்தான். இல்லை என்றேன். இலையில் உட்கார்ந்து சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு, "உங்கம்மா எங்களுக்கு ஒரு நடை பாக்கி வெச்சிட்டுப் போயிட்டாங்க," என்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

"பாக்கிதான்," என்றேன். "அவங்க இன்னும் அந்தப் படத்தப் பாக்கல."