விஜயராணி தைத்த கிரகம்

எங்கள் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மிஷினில் தைக்கும் விஜயராணி சிவகங்கைப் பக்கத்துக்காரி. துணியில் எண்ணெய்க் கறை பட்டிருந்தால் செக்கிங் மேஜையிலிருந்து திருப்பி அனுப்புகிற ஆள் நான், முத்தாயி. அவள் தைத்ததை நான் திருப்பியது ரொம்பச் சொற்பம். கறையைக் கண்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படிப் பழக்கி வைத்ததே எங்கள் மாதிரி ஆட்கள்தான்.

அவள் மகள் அனுசுயாவுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. வாய் மட்டும் எட்டூருக்குக் கேட்கும். அறிவியல் படிக்கப் போனபோது, லேப் ஒத்துவராது என்று கல்லூரியில் கைவிரித்துவிட்டார்கள். வரலாற்றில் சேர்ந்தாள். ஆனாலும் செல்போன் படித்துச் சொல்வதைக் கேட்டுக் கேட்டே செவ்வாய் கிரகத்தைத் தட்பவெப்ப மண்டலங்களாகப் பிரித்தாள். குளிர், உயரம், பனி, தூசி என்று அதற்குத் தானே கணக்கு வைத்திருந்தாள்.

"நம்மூர்ல ஆயிரம் வேலை கெடக்குது, உனக்கெதுக்கு கண்ணு அந்த ஊரு?" என்று கேலி செய்வேன்.

"அங்க செக்கிங் ஆளுங்க கெடையாதுங்கத்தை" என்பாள்.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம், மாணவர்களின் ஆய்வைப் பார்த்து ஒருவரைச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. அறிவியலுக்குள் நுழைய அவளுக்கு மிச்சமிருந்த ஒரே வாசல் அது. எழுதி அனுப்பினாள். நேரில் விளக்கச் சொல்லி, கோயம்புத்தூரில் ஒரு கல்லூரிக்கு அழைத்தார்கள்.

மற்றவர்கள் திரையில் படம் காட்டுவார்கள். இவளுக்குத் தொட்டுக் காட்ட ஒரு வரைபடம் வேண்டும். விஜயராணி கட்டிங்கில் மிஞ்சிய துண்டுகளைப் பொறுக்கினாள். துருவப் பனிக்குப் புசுபுசுவென்ற ஃபிளீஸ், காற்று மெலிந்த மேட்டு நிலத்துக்குச் சன்னமான ஜெர்சி, தூசிக் காட்டுக்குச் சொரசொரப்பான டெர்ரி, வடக்குச் சமவெளிக்கு வரிவரியான ரிப். மகள் அளவு சொல்லச் சொல்ல அம்மா தைத்தாள். முடிந்ததும் அனுசுயா விரலாலேயே அந்தக் கிரகத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஓரம் அடிக்கும்போது மிஷின் ஒரு சொட்டு எண்ணெய் சிந்தியிருக்கிறது. விஜயராணி மகளிடம் சொல்லவில்லை. அவள் இல்லாத நேரமாகப் பார்த்து அலசிக் காயப்போட்டாள். துண்டுத்துணியை நம்பலாமா? ஒன்று சுருங்கும், பக்கத்தில் இருப்பது சுருங்காது. சுருங்கியதை அயர்ன் பாக்ஸால் இழுத்து இழுத்துத் தேய்த்து, ஏற்றுமதிக்குப் போகிற பனியன் மாதிரி பாலித்தீன் பையில் போட்டு ஒட்டிவிட்டாள். பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தது.

துணைக்கு நானும் போனேன். பஸ்ஸில் ஒருமுறை தொட்டுப் பார்க்கக் கேட்டாள் அனுசுயா.

"பிரிச்சா கசங்கிரும்த்தா" என்றாள் அம்மா.

"தூசி மண்டலம் எங்கேம்மா முடியுது?" என்று கேட்டார், கல்லூரியில் மேஜைமேல் விரித்த துணியைப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர். அனுசுயா விரலை வைத்தாள். எல்லை அங்கே இல்லை. துணி மடங்கி மேடு தட்டியிருந்த இடத்தை எல்லை என்று நினைத்துக் காட்டினாள். அடுத்த கேள்விக்கும் அப்படியே. விரல்கள் தடுமாற ஆரம்பித்தன.

"எழுதி அனுப்பினதுல வேற மாதிரி இருக்கே. அதை யாரும்மா எழுதிக் குடுத்தாங்க?" அவர் தன்மையாகத்தான் கேட்டார். அது இன்னும் வலித்தது.

"நான்தாங்க எழுதுனேன். தப்பாப் பிரிச்சுட்டேன் போலிருக்குங்க" என்றாள்.

இடம் வேறொருவருக்குப் போனது. வராந்தாவில் வந்துதான் விஜயராணி அழுதுகொண்டே கறையைப் பற்றியும் அலசியதைப் பற்றியும் சொன்னாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் கன்னத்தில் ஒன்று வைத்திருப்பேன். ஆனால் அவள் நின்ற நிலையைப் பார்த்தால் யாருக்கும் கை வராது.

அனுசுயா அந்தத் துணியை வாங்கி, மேடு தட்டிய இடத்தை விரலால் தடவினாள்.

"அப்ப நான் பிரிச்சது தப்பில்லையாம்மா?"

"இல்லத்தா. எல்லாம் நான் செஞ்சதுதான். பாக்கறவங்க என்ன நெனப்பாங்களோன்னு..."

"அது நான் பாக்கறதுக்குத்தானேம்மா" என்றாள் அனுசுயா.