எங்கள் கிளப்பின் கடைசி கோல்கீப்பர்

எங்கள் தெருவின் ஃபுட்பால் கிளப்பை ஆரம்பித்தவர்கள் பஞ்சாலைத் தொழிலாளிகள். என் அப்பாவும் அவர்களில் ஒருவர். முதல் ஷிஃப்ட் முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல், தலையில் ஒட்டிய பஞ்சோடு நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார்களாம். மில்லை மூடிய பிறகும் கிளப் நின்றுபோகவில்லை. மோட்டார் பம்ப் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போன எங்கள் தலைமுறை அதை எடுத்து நடத்தியது.

எங்கள் காலம் முழுக்கக் கோல்கீப்பர் ஒருவர்தான். தகரப்பெட்டி செய்யும் கடை வைத்திருந்தார். எல்லோருக்கும் அவர் பாய். நான் முன்னால் ஆடுகிறவன். பின்னாலிருந்து அவர் குரல் வந்துகொண்டே இருக்கும். "எடப்பக்கம் பாருங்க கண்ணு." "அவசரமில்லீங்க, நின்னு அடிங்க." திட்டும்போதும் அந்த 'ங்க' போகாது. அதற்காகவே அவரைக் கிண்டல் செய்வோம்.

கொரோனா இரண்டாவது முறை வந்தபோது பாய் இறந்துபோனார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று எனக்கு போன் செய்தார். மூச்சு வாங்கியது. "கிரவுண்டு எப்பங்க தொறக்கறாங்க?" என்று கேட்டார். மைதானத்தில் அப்போது காய்கறி மார்க்கெட் நடந்துகொண்டிருந்தது. "சீக்கிரம் தொறந்துருவாங்க பாய்" என்றேன். அடக்கத்துக்கு எங்களில் யாரும் போக முடியவில்லை. ஆம்புலன்ஸ் தெரு வழியாக வரும் என்று அவரவர் வாசலில் காத்திருந்தோம். அது வேறு வழியாகப் போய்விட்டது.

மார்க்கெட் காலியானதும் மைதானத்துக்குப் போனோம். இரண்டு டீமாகப் பிரிந்தோம். கோலில் போய் நிற்க யாருக்கும் கால் வரவில்லை. கொஞ்ச நேரம் பந்தை உருட்டிவிட்டு, பேக்கரியில் டீ குடித்துக் கலைந்தோம். அடுத்தடுத்த வாரங்களும் அப்படியே கழிந்தன. பிறகு போவதையே விட்டுவிட்டோம்.

ஒருநாள் அதே பேக்கரி வாசலில் பாயின் மனைவி என்னை நிறுத்தினார்.

"ஏனுங்க தம்பி, இப்பல்லாம் நீங்க யாரும் ஆடப் போறதில்லீங்களா?"

"இல்லீங்கக்கா. கோலுக்கு ஆள் அமையலீங்க."

"ஞாயித்துக்கெழமை ஆனா எங்கூட்டு முன்னாடி வண்டிய நிறுத்தி ஆரன் அடிப்பீங்க. தூக்கம் போச்சேன்னு எரிச்சல்பட்டிருக்கேன். இப்ப அந்தச் சத்தம் இல்லாம இருக்க முடியலீங்க தம்பி."

அன்று ராத்திரியே எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் போன் செய்தேன்.

அந்த வருடம் லீகில் சேர்ந்தோம். நானே கோலில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் நம் ஆட்களின் முதுகு மட்டும்தான் தெரிகிறது. இத்தனை காலமும் பாய் எங்கள் முதுகுகளைப் பார்த்துத்தான் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். நானும் குரல் கொடுத்துப் பார்த்தேன். யாரும் திரும்பவில்லை. ஒவ்வொரு மேட்சிலும் தோற்றோம். பந்து என்னைத் தாண்டி உள்ளே போகும்போதெல்லாம், "விடுங்க, பரவால்லீங்க" என்று யாராவது சொல்வார்கள். அதைக் கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது.

சீசன் முடிந்ததும் மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்தோம். கிளப்பை முடித்துக்கொள்ளலாம் என்று ஒருவர் சொன்னார். யாரும் மறுத்துப் பேசவில்லை. ஆட முடிந்தவர்கள் வேறு டீம்களுக்குப் போனார்கள்.

பாயின் மனைவிக்கு இதை யார் போய்ச் சொல்வது என்று ஆளாளுக்குத் தயங்கினார்கள். நான் போனேன். முழுவதையும் கேட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஆடிப் பாத்தீங்கள்ல. அது போதுங்க தம்பி" என்றார்.

எனக்கு அப்படித் தோன்றவில்லை. இன்றுவரை தோன்றவில்லை.