ஒரே பெயரில் இரண்டு மகன்கள்

ஒரு தேவாலயம், சில பண்ணைகள், ஒரு மாவரைக்கும் ஆலை: இங்கிலாந்தின் அந்தச் சிற்றூரை நான் பார்த்ததில்லை. ஆயினும் அங்கே பிறந்தவர்களையும் மணந்தவர்களையும் இறந்தவர்களையும் செகந்திராபாத்தை அடுத்த ஹப்சிகுடாவில் என் மேசை முன் இருந்தபடியே அறிந்தேன். அவ்வூரின் வரலாற்றுக் குழு, தேவாலயப் பதிவேடுகளைப் படமெடுத்து இணையத்தில் வைத்து, அவற்றைப் படித்து அட்டவணையாக்கத் தன்னார்வலர்களை அழைத்திருந்தது. அரசர்கள் இல்லாத வரலாறு என்பதே சமூகவியல் படித்த எனக்குப் போதுமான அழைப்பாக இருந்தது.

செகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்த என் மனைவிக்கு இது வேடிக்கை. "கைக்கு, எதுக்கு இந்த வேலை? நம்ம பொண்ணு பர்த் சர்டிபிகேட்டுக்கு க்யூல நின்னது நானு. நீங்க வெள்ளைக்காரன் புள்ளைங்களுக்கு எழுதிட்டு உக்காந்திருக்கீங்க" என்பாள்.

எங்கள் அட்டவணைகளைக் கொண்டு அவ்வூர்க் குடும்பங்களின் வழிமரங்களைக் குழு ஒரு நூலாகத் தொகுத்தது. அது அச்சுக்குப் போகவிருந்த வாரத்தில் குழுவின் செயலாளர் எனக்கு எழுதினார். தம் கொள்ளுத்தாத்தா அவ்வூரில் பிறந்தவர் என்று கேட்டே வளர்ந்த ஒரு மூதாட்டி, அவரை நூலின் வரைவில் தேடுகிறார். என் அட்டவணையோ அந்தப் பெயருக்குரியவர் மூன்று வயதில் இறந்ததாகச் சொன்னது. அது உண்மையானால் அக்குடும்பத்துக்கு நூலில் இடமில்லை.

படங்களை மீண்டும் திறந்தேன். அதே பெற்றோர், அதே பெயர், சில ஆண்டு இடைவெளியில் இரண்டு ஞானஸ்நானப் பதிவுகள். ஒரே குழந்தையை மறுபடி எழுதியிருக்கிறார்கள் எனக் கருதி இரண்டாவதை நான்தான் நீக்கியிருந்தேன்.

"ரெண்டு புள்ளைங்களா இருக்கலாம்ல?" என்றாள் மனைவி.

"ஒரே பேர்ல அண்ணன் தம்பியா?"

"அண்ணன்தான் போயிட்டானே. நம்ம வீட்ல அதே பேர வைக்க மாட்டாங்க, இதுவும் தங்காதுன்னு பயப்படுவாங்க. அவங்களுக்கு அந்த பயம் இல்லையோ என்னவோ."

அடக்கப் பதிவேடு வேறொரு தொகுதியில் இருந்தது. இறப்பு, இரண்டாம் ஞானஸ்நானத்துக்கு முந்தியது. இறந்த மகனின் பெயரை அடுத்த மகனுக்கு வைத்திருக்கிறார்கள். என் வீட்டு வழக்கத்தைக் கொண்டு அவர்களை அளந்துவிட்டேன்.

அந்த ஒரு வரியை ஓசையின்றித் திருத்தியிருக்கலாம். ஆனால் இதே நினைப்பில் வேறு எவரையெல்லாம் அழித்தேனோ? நடந்ததைச் செயலாளருக்கு எழுதி, அச்சைச் சிறிது தள்ளிப்போடுமாறு கேட்டேன்.

"இனி உங்ககிட்ட வேலையே குடுக்க மாட்டாங்க" என்றாள் மனைவி.

"குடுக்காட்டிப் போகட்டும்."

அவகாசம் கொடுத்தார்கள். நான் நீக்கிய ஒவ்வொரு வரியையும் மூலத்தோடு ஒப்பிட்டேன். மேலும் இரண்டு குடும்பங்களில் இதே பிழை இருந்தது.

நூல் இப்போது என்னிடம் இருக்கிறது. அதில் ஒரே பெயர் அடுத்தடுத்து இருமுறை நிற்கிறது. முதலாமவரின் கீழ் வெற்றிடம். இரண்டாமவரின் கீழ் கிளைகள் இறங்கி அந்த மூதாட்டி வரை வருகின்றன. நூலை எழுதியவன் நானல்லன். இருந்தும் வீட்டுக்கு வருவோரிடம் அந்தப் பக்கத்தைக் காட்டாமல் விடுவதில்லை.