அமெரிக்கத் தம்பி அடித்த சுண்ணாம்பு

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு டிசம்பர். தாம்பரத்தில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் சுண்ணாம்பு அடிப்பவனுக்குக் கை ஓயாது. எனக்கு ஆண்டுதோறும் சர்ச்சுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம்தான். ஏழாவதோடு நான் நின்ற அதே பள்ளிக்கூடம். பாடத்தோடு அறுந்த உறவு சுவரோடு நீடித்தது. அந்தக் கூலியில்தான் எங்கள் வீட்டில் புதுத்துணி என்பதால், நவம்பர் பிறந்ததுமே கவலைப்படத் தொடங்கிவிடுவேன். மழை விடுமா, ஏணி தாங்குமா, எவனாவது குறைந்த கூலிக்கு வந்துவிடுவானா? இலவசமாக ஒருவன் வருவான் என்று மட்டும் கவலைப்படத் தோன்றவில்லை. அவ்வளவு கவலைப்பட்டும் அனுபவம் போதவில்லை.

சர்ச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். ஏதோ ஆபீசில் ஹெட்கிளார்க்.

"இந்த வருஷம் நீ சிரமப்பட வேணாம்பா. அமெரிக்காலேர்ந்து ஒரு தம்பி நம்ம காலேஜ்ல ஒரு வருஷம் படிக்க வந்திருக்கார். சமூக சேவை செய்யணுமாம், அவங்க படிப்புலயே அது உண்டாம். ஸ்கூலுக்கு அவரே அடிச்சுக் குடுத்துடறேன்னுட்டார்."

"அப்ப நான் இன்னா சார் பண்றது?"

"ஏணி, வாளி, அடிக்கிற மட்டை எல்லாம் கொண்டாந்து குடு. சுண்ணாம்பையும் வாங்கிப் போட்டுடு. நல்ல காரியம்பா."

என் வேலையைப் பிடுங்க என் ஏணியையே கேட்டார். கொடுத்தேன். மாட்டேன் என்றால் வேறு எந்த வேலைக்கும் கூப்பிட மாட்டாரே என்ற பயம்.

தம்பி நல்ல பையன். தமிழ் கற்றிருந்தான், மேடையில் பேசுகிற தமிழ். "அண்ணா, தாங்கள் சற்று ஏணியைப் பிடித்துக்கொள்கிறீர்களா?" என்பான். பிடித்துக்கொள்வேன். அவன் விழுந்தால் விஷயம் டெல்லி வரைக்கும் போகும், முதலில் ஏணிக்காரனைத்தான் பிடிப்பார்கள் என்று எனக்குக் கால் நடுங்கும். அவன் மேலேயிருந்து, "நடுக்கம் எதனால்?" என்பான்.

சுண்ணாம்பைக் கரைத்தான். நீலம் சேர்த்தான். அடிக்கத் தொடங்கிவிட்டான். வஜ்ரம் காய்ச்சி ஊற்றவில்லை. அந்தப் பசை சேராத சுண்ணாம்பு சுவரில் ஒட்டாது, சாய்ந்தவன் முதுகில்தான் ஒட்டும். வாயைத் திறக்கப் போனேன். மூடிக்கொண்டேன்.

அன்று வீட்டில் பெண்சாதி, "சொல்லித் தொலையேன்யா" என்றாள்.

"சொன்னா சுவரு நல்லா வந்துடும். நல்லா வந்தா அடுத்த வருஷமும் அவனை மாதிரி ஒருத்தன்தான். உதிர்ந்துச்சுன்னு வையி, என்னியத்தான் தேடுவாங்கோ."

"ஏழாவதோட நின்னவன் போடுற கணக்கா இது?" என்றாள்.

பள்ளிக்கூடத்துக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிக்குப் பெற்றோர் கூட்டம் நெரிந்தது. நாற்காலி கிடைக்காதவர்கள் சுவரோரம் சாய்ந்து நின்றார்கள், பட்டுப்புடவையும் புதுக்கோட்டுமாக. செயலாளர் மேடையேறி, உழைப்பின் மேன்மை பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். தம்பிக்கு மாலை போடத் திரும்பினார். அவருடைய கறுப்புக் கோட்டின் முதுகு முழுக்க வெள்ளை. முதலில் ஒரு குழந்தை சிரித்தது. அப்புறம் ஒருவர் முதுகை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். அவரவர் முதுகைத் தொட்டுப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார்கள்.

மறுநாளே என்னைத் தேடி ஆள் வந்தது. கணக்கு பலித்தது என்று ஓடினேன்.

"சுண்ணாம்பு யார் வாங்கினது?" என்றார் செயலாளர்.

"நான்தான் சார்."

"அதான! மட்டமான சரக்கை வாங்கிப் போட்டுட்டே. பாவம், அந்தத் தம்பி எவ்ளோ ஆசையா அடிச்சார். நீயே திரும்ப அடிச்சுக் குடுத்துடு. கூலி கீலின்னு பேசாதே."

வஜ்ரத்தைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். சொன்னால், அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்பார். தலையாட்டிவிட்டு வந்தேன்.

வஜ்ரம் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது தம்பி வந்தான். பானையை எட்டிப் பார்த்தான்.

"இதை நான் சேர்க்கவில்லை. தாங்கள் பார்த்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? ஏன் சொல்லவில்லை, அண்ணா?"

"நீ கேக்கலையே தம்பி."

பழைய பூச்சைச் சுரண்டும் என் கையையே பார்த்தான். அமெரிக்காவிலிருந்து வந்த இத்தனை மாதத்தில் அன்றுதான் அவனுக்கு ஏதோ விளங்கியது போலிருந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு நேராகச் செயலாளரிடம் போனான்.

"ஐயா, ஆண்டுதோறும் இவர்தான் செய்வாரா? இவருடைய வேலையையா நான் எடுத்துக்கொண்டேன்?"

"சேச்சே, இவரும் சேவையாத்தான் செய்றார். இல்லையாப்பா?"

தம்பி என்னைப் பார்த்தான். ஒரே ஒரு 'இல்லை' போதும், அவன் எனக்காகச் சண்டை போடுவான் என்று முகத்தில் தெரிந்தது. அவன் ஏப்ரலில் கப்பலேறிவிடுவான். செயலாளர் எங்கே போகப்போகிறார்?

"ஆமாங்க சார்" என்றேன்.

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. சுண்ணாம்புக் கையென்றும் பாராமல் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். 'சகோதரரே' என்றான்.

"அப்ப வர்ற கிறிஸ்துமஸுக்கும் இந்த ஸ்கூல் சேவை உனக்குத்தான்பா" என்றார் செயலாளர், பெரிய மனசோடு. நான் கும்பிட்டேன்.